உள்ளங்கையால் காட்டும் வலி, விரலால் காட்டும் வலி

தீராத வயிற்றுவலி பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த அந்த 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் மாத்திரையை வாங்கிப் போடுங்கள். இணையத்தில் தேடி, அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று தெரிந்ததும், "டாக்டர் என்னை மனநோயாளி என்று முடிவுகட்டிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வுக்கு என்றால் அதைப் போலப் பல மடங்கு கொடுப்பார்கள். இந்தச் சின்ன அளவு குடலிலிருந்து வரும் வலிச் சேதியைத் தணிப்பதற்கு. வாய் கொஞ்சம் உலரும், தூக்கம் வரும். அதனால்தான் இரவில் போடச் சொல்கிறோம்.

உங்களுக்கு 34 வயது. எட்டு மாதமாகத் தொப்புளைச் சுற்றிச் சுருட்டிப் பிடிக்கும் வலி. காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வருகிறது, மலம் கழித்தால் அடங்குகிறது. எடை குறையவில்லை, மலத்தில் ரத்தம் இல்லை, ஒருநாளும் வலி உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதில்லை. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் சரியாக இருக்கின்றன. இது புற்றுநோய் வரும் விதம் இல்லை. அந்தப் பயத்தை விடுங்கள்.

"குடல் நரம்பு சம்பந்தப்பட்டது" என்று டாக்டர் சொன்னதும் சரிதான். குடல் சுவருக்குள்ளேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் வலை பின்னியிருக்கின்றன. எதை எப்போது நகர்த்துவது, எவ்வளவு நீர் சுரப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் அவையே பார்த்துக்கொள்ளும். 1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியல் அறிஞர்கள், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார்கள். அப்போதும் குடல் தன் பாட்டுக்கு உள்ளிருப்பதைத் தள்ளியது. மூளையிலிருந்து வரும் நரம்புகள் அந்த வேலையைக் கூட்டும், குறைக்கும். பதற்றத்தில் இரைப்பை மந்தமாகும், பெருங்குடல் வேகமெடுக்கும். உங்கள் காலை நேரத்து வலி இப்படி வருவதுதான்.

வலி கற்பனையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்த வகை வலி உள்ளவர்களின் பெருங்குடலில் சிறு பலூனை வைத்து ஊதிச் சோதித்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வெறும் உப்பலாகத் தெரிகிற அளவிலேயே இவர்களில் பலருக்கு வலித்தது. உங்கள் குடல் நரம்புகள் பழுதாகவில்லை, கூச்சம் கூடிப்போயிருக்கின்றன.

மற்ற கவலைகளுக்கு வருகிறேன். படுத்திருக்கும்போது தொப்புளுக்கு மேலே துடிப்பது மகாதமனி, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய். நீங்கள் ஒல்லி, துடிப்பு தெரியத்தான் செய்யும். ஸ்கேனில் அதன் அளவு சரியாகவே இருக்கிறது. வயிற்றில் கேட்கும் கடமுடா சத்தம் காற்றும் நீரும் நகர்வது. நாக்கில் படியும் வெள்ளைக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், உங்களுக்கு இருப்பது போன்ற வலி உள்ளவர்கள் உள்ளங்கையால் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். குடலில் வலியை உணர்த்தும் நரம்பு இழைகள் குறைவு. அவையும் இரண்டு பக்கமாகத் தண்டுவடத்தின் பல மட்டங்களில் போய்ச் சேர்வதால், மூளைக்குச் சரியான இடம் தெரியாது. வயிற்றின் நடுவே எங்கோ என்றுதான் உணரும். வயிற்றின் உட்சுவரை மூடிய சவ்வு அப்படியில்லை. மேலே தோலுக்குப் போகும் நரம்புகளே அதற்கும் போகின்றன. அதில் அழற்சி பட்டால் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. உங்கள் வழக்கமான வலி போலவே இருக்கும். பசி போய்விடும், குமட்டும். அப்புறம் ஒரு நாளுக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைக்கும். இருமினால், படி இறங்கினால், வண்டி குலுங்கினால் அந்த இடத்தில் சுரீர் என்று குத்தும். மலம் கழித்தாலும் அடங்காது. எட்டு மாதம் ஒரு வலியோடு பழகியவர்கள் "வழக்கம்போலத்தான்" என்று இதையும் பொறுத்துக்கொண்டு, குடல்வால் வெடித்த பிறகு வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை விரலாக மாறினால், வலப்பக்கமோ இடப்பக்கமோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எதுவும் சாப்பிடாமல் போங்கள். வயிறு சுத்தமாகட்டும் என்று பேதி மருந்து குடிக்கவே கூடாது.

அதனால்தான் நீங்களாகக் கடையில் வாங்கித் தினமும் போடும் டிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் பற்றிப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. குடல் பிடிப்புக்கு அது மருந்தே இல்லை. இரைப்பையைப் புண்ணாக்கும், சமயத்தில் ரத்தமும் கசியவைக்கும். வலி மாறுகிற அந்த நாளில் உங்களுக்குத் தெரிய வேண்டியதையும் மழுப்பிவிடும். இன்றே நிறுத்துங்கள். மலம் கறுப்பாகத் தார் போல வந்தால் உடனே காட்டுங்கள். நள்ளிரவு வரை நோய்களைத் தேடிப் படிப்பதையும் விடுங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் குடலின் கூச்சம் கூடும்.

அமிட்ரிப்டிலின் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், இரண்டு நாளில் விட்டுவிடாதீர்கள். தொடங்கும் முன் ஒருமுறை அதே டாக்டரைப் பார்த்து, எத்தனை மாதமாக டிக்ளோஃபெனாக் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.