அணுவுக்குள்ளும் எலெக்ட்ரான்தானே, பவுலி விதி எங்கே போனது?

கேள்வி: பிளஸ் ஒன் வேதியியல் ஆசிரியை நான். ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று பவுலி தவிர்க்கைத் தத்துவத்தை நடத்தினேன். "அப்போ போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளில் ஆயிரக்கணக்கான அணுக்கள் எப்படி மிஸ் ஒரே நிலையில் இருக்கு? அணுவுக்குள்ளும் எலெக்ட்ரான்தானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். (மிகக் கடுமையாகக் குளிர்விக்கப்பட்ட அணுக்கள் ஒரே நிலையில் திரளும் பொருள்தான் இந்தச் செறிபொருள்.) ஒரு சீட்டில் ஒருவர்தான் உட்காரலாம் என்ற பஸ் சீட் உதாரணம் கைகொடுக்கவில்லை. எப்படி விளக்குவது?

பதில்: சிக்கலே அந்த பஸ் சீட்தான். 'நிலை' என்றால் 'இடம்' என்று அது பதியவைத்துவிடுகிறது. ஹீலியத்தின் 1எஸ் ஆர்பிட்டாலில் இரண்டு எலெக்ட்ரான்களும் ஒரே பகுதியில்தான் உலவுகின்றன. தற்சுழற்சி எதிரெதிர் என்பதால் நிலைகள் வேறு.

கரும்பலகையில் ஒரு வரி எழுதுங்கள். அ, ஆ இரண்டு நிலைகள். 1, 2 இரண்டு எலெக்ட்ரான்கள்:

அ(1)ஆ(2) − அ(2)ஆ(1)

ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றினால் மொத்தமும் மைனஸ் குறி பெறும். எலெக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் மூன்றுக்கும் இந்தக் குணம் உண்டு, இவை ஃபெர்மியான்கள். இப்போது ஆ இருக்கும் இடத்திலும் அ என்றே போடச் சொல்லுங்கள். விடை பூஜ்யம், அதாவது அப்படி ஒரு நிலை இருக்கவே முடியாது. பவுலி தத்துவம் அவ்வளவுதான்; யாரும் யாரையும் சீட்டிலிருந்து தள்ளவில்லை.

அடுத்து முழு அணுக்கள். ஹீலியம்-4 அணுவில் 2 புரோட்டான், 2 நியூட்ரான், 2 எலெக்ட்ரான். இரண்டு அணுக்களை இடம் மாற்றினால் ஆறு மைனஸ்கள் பெருகி பிளஸ் ஆகும். பிளஸ் வந்தால் போசான். ஒரே நிலையில் எத்தனை இருந்தாலும் விடை பூஜ்யமாகாது. ஹீலியம்-3இல் ஒரு நியூட்ரான் குறைவு, ஐந்து மைனஸ், ஆகவே ஃபெர்மியான். ஒரே ஒரு நியூட்ரான் செய்யும் வேலையைப் பாருங்கள்: ஹீலியம்-4 சுமார் 2.17 கெல்வினிலேயே மீப்பாய்மம் (உராய்வே இல்லாமல் ஓடும் திரவம்) ஆகிவிடுகிறது. ஹீலியம்-3க்கு அதைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு குளிர்ச்சி வேண்டும். அப்போதும் அணுக்கள் ஜோடி சேர்ந்தால்தான் முடியும். 1972இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது.

இனி மாணவியின் கேள்வி. அணுக்கள் பகிர்ந்துகொள்வது, முழு அணுவாக அவை நகரும் இயக்கத்தின் நிலையை. ஒவ்வோர் எலெக்ட்ரானும் தன் கருவோடு பிணைந்தே போகிறது. 1995இல் அமெரிக்காவின் போல்டரில் இயற்பியலாளர்கள் கார்னெலும் வைமனும் ருபிடியம்-87 அணுக்களைக் குளிர்வித்து உண்டாக்கிய செறிபொருள், நாம் மூச்சு விடும் காற்றைவிட மிக மெல்லியது. (பெயரில் மட்டும்தான் செறிவு!) அணுக்களுக்கு இடையிலான தூரம் எலெக்ட்ரான் மேகத்தைவிடப் பல மடங்கு பெரிது, ஒரே நிலைக்காக எலெக்ட்ரான்கள் மோதிக்கொள்ளும் நிலைமையே வருவதில்லை. அணுக்களை நெருக்கி அழுத்தினால் பவுலி விதி உடனே முட்டுக்கட்டை போடும்.

ஒரு குறுக்குவழி: மின்னூட்டமற்ற அணுவில் புரோட்டானும் எலெக்ட்ரானும் சம எண்ணிக்கை. எனவே நியூட்ரானை மட்டும் எண்ணினால் போதும். இரட்டைப்படை என்றால் போசான். ருபிடியம்-87இல் புரோட்டான் 37, எனவே நியூட்ரான் 87−37=50. பொட்டாசியம் 39, 40 இரண்டையும் அந்த மாணவியிடமே கொடுத்துப் பாருங்கள்.