துணைக்குப் போன டாக்டர்

கேள்வி: ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய ஜாக் பல்மாவுக்குத் துணையாக ஒரு டாக்டரும் போனாராமே, அவர் யார்?

பதில்: துணையாகவா? ஒன்பது ஆண்டுகள் ஒரு பத்திரிகையில் துணையாசிரியராக இருந்து, எழுதியதெல்லாம் நானும் கையொப்பமிட்டதெல்லாம் வேறொருவருமாகக் காலம் தள்ளியவன் என்பதால், இந்தச் சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் அந்த மலையின் அடிவாரத்தில் உள்ள ஷாமோனி ஊரின் மருத்துவர் மிஷேல் கேப்ரியேல் பக்கார். மலையில் படிகக்கல் தேடி விற்றுப் பிழைத்த பல்மாவும் இவரும், கயிறோ பனிக்கோடரியோ இல்லாமல், ஆளுக்கொரு நீண்ட கழியை ஊன்றிக்கொண்டு, 1786 ஆகஸ்ட் 8 மாலை ஆறரை மணிக்குச் சற்று முன்பாக, 4,800 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியில் நின்றார்கள். ஜெனீவா அறிஞர் சொசூர் 1760-லேயே அறிவித்திருந்த பரிசுப் பணத்தின் மீது பல்மாவுக்குக் கண். டாக்டரோ உயரத்தை அளக்கக் காற்றழுத்தமானியைச் சுமந்துகொண்டு போனார். இறங்கும்போது பனியின் ஒளி பட்டு டாக்டரின் பார்வை மங்கிவிட்டது என்பதும், அப்போது பல்மாவின் உதவி அவருக்குத் தேவைப்பட்டது என்பதும் உண்மைதான்.

அதே சிகரத்தை முயன்று தோற்ற பூரி என்ற எழுத்தாளர் (பெயரைப் பார்த்துப் பசிக்க வேண்டாம், அவர் ஜெனீவா தேவாலயத்துப் பாடகர்) உடனே பேனாவை எடுத்து, எல்லாம் பல்மாவின் சாதனை, டாக்டர் வெறும் சுமை என்று எழுதிப் பரப்பினார். டாக்டர் இந்த ஏற்றத்தைப் பற்றிய தம் நூலுக்கு முன்பதிவு கேட்டு அறிவிப்பு வெளியிட்டதோடு சரி; நூல் வரவேயில்லை. அவர் 1827-இல் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, எழுபது வயதுப் பல்மாவை நேர்காணல் செய்தார் பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா. எதிர்த்துப் பேச ஆளில்லாத நேர்காணலில் என்ன வரும் என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும்: தாமே முதலில் உச்சியை அடைந்து, பிறகு டாக்டரை இழுத்துக்கொண்டு போனதாகக் கிழவர் சொல்ல, நாவலாசிரியர் அதற்கு மெருகேற்றினார். அன்று ஷாமோனியிலிருந்து தொலைநோக்கியில் ஏற்றத்தைப் பார்த்துக் குறிப்பெழுதிய ஜெர்மானியப் பிரபு கெர்ஸ்டார்ஃபின் நாட்குறிப்பு பிற்காலத்தில் வெளிவந்ததால்தான் டாக்டரின் மானம் தப்பியது.

இத்தனைக்கும் டாக்டர் பல்மாவின் சகோதரியை மணந்தவர். 1887-இல் ஷாமோனியில் எழுப்பிய சிலையில், பல்மா சிகரத்தைச் சுட்டிக்காட்ட, ஓராண்டு கழித்து ஏறிய சொசூர் அண்ணாந்து பார்க்கிறார்; டாக்டருக்கு அந்தப் பீடத்தில் இடமில்லை. அவருக்கென்று அவ்வூரில் ஒரு சிலை எழ 1986 ஆயிற்று.