மருத்துவரின் தவறால் ஒரு குழந்தை இறந்தால், அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நிரந்தரமாக நீக்குவதுதானே நியாயம்?

நீக்கியே ஆக வேண்டிய மருத்துவர்கள் உண்டு. நோயாளியிடம் அத்துமீறியவர், கேஸ் ஷீட்டைப் பிறகு திருத்தி எழுதியவர், எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் தன் குறையை உணராதவர். இவர்கள் விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் "குழந்தை இறந்துவிட்டது, அதனால் நீக்கு" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இங்கிலாந்தில் குழந்தைகள் நலப் பிரிவில் ரெஜிஸ்ட்ராராக (மூத்த நிலைப் பயிற்சி மருத்துவராக) வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டதும் இங்கே எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே வழக்கு: டாக்டர் ஹடிஸா பாவா-கார்பா.

2011 பிப்ரவரி 18, லெஸ்டர் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனை. ஜாக் ஆட்காக் என்ற 6 வயதுச் சிறுவனை வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறலோடு காலையில் அழைத்து வருகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன். இதயக் கோளாறும் இருந்தது. ரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்க்கும் முதல் பிளட் கேஸ் பரிசோதனையில் பி.ஹெச். 7.08, லாக்டேட் 11; இரண்டுமே உடல் மிக மோசமான நிலையில் இருப்பதைக் காட்டும் எண்கள். எங்கள் பிரிவில் லாக்டேட் 4 என்று வந்தாலே கன்சல்டன்டுக்கு (பொறுப்பில் உள்ள மூத்த மருத்துவருக்கு) போன் போய்விடும். அன்று பணியில் இருந்த ரெஜிஸ்ட்ரார் பாவா-கார்பா உடனே திரவம் ஏற்றினார். அடுத்த பரிசோதனையில் பி.ஹெச். 7.24-க்கு ஏறியது. வயிற்றுப்போக்கால் வந்த நீரிழப்பு, தேறி வருகிறான் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அது நிமோனியாவும் செப்சிஸும் (தொற்றால் உடல் முழுவதும் சீர்குலையும் நிலை). மதியமே எடுத்த எக்ஸ்ரேயை அவர் பார்த்தது 3 மணி வாக்கில்; ஆன்டிபயாடிக் உள்ளே போனது 4 மணிக்கு. மாலை ஹேண்டோவரில் (நோயாளிகளின் விவரங்களைச் சொல்லி ஒப்படைக்கும் நேரத்தில்) அந்த எண்களைக் கன்சல்டன்டிடம் சொன்னார், ஆனால் "வந்து பாருங்கள்" என்று கேட்கவில்லை. ஜாக் இதயத்துக்காக வழக்கமாக எடுத்துவந்த, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் எனலாப்ரில் மருந்தை அவர் சார்ட்டில் எழுதாமல் விட்டார். கொடுக்கக் கூடாது என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரவு 7 மணி வாக்கில் அந்த மருந்து கொடுக்கப்பட்டுவிட்டது. பிறகு இதயம் நின்றது. உயிர்ப்பிக்கும் முயற்சியின்போது, உயிர்ப்பிக்க வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவான வேறொரு குழந்தை என்று நினைத்துச் சிறிது நேரம் நிறுத்தவும் சொன்னார். அந்த இடைவெளியால் முடிவு மாறவில்லை என்று பிறகு தெளிவானது. அன்றிரவே ஜாக் இறந்தான்.

இதைப் படித்தால் கோபம் வரும். வரத்தான் வேண்டும்.

அதே நாளின் மறுபக்கத்தையும் பாருங்கள். 14 மாதப் பேறுகால விடுப்பு முடிந்து அப்போதுதான் அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். அந்த மருத்துவமனையின் நடைமுறைகளை யாரும் முறையாக அறிமுகம் செய்யவில்லை. கூட இருக்க வேண்டிய இன்னொரு ரெஜிஸ்ட்ரார் பயிற்சிக்குப் போயிருந்தார். அன்றைய கன்சல்டன்ட் தன் பெயர் ரோட்டாவில் (பணிப் பட்டியலில்) இருப்பதைக் கவனிக்காமல் வேறு ஊரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மாலையில்தான் வந்து சேர்ந்தார். கணினிகள் பல மணி நேரம் செயலிழந்ததால் காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவுகள் மாலை 4 மணிக்கு மேல்தான் கிடைத்தன. ஹேண்டோவரில் 7.08, 11 என்ற எண்களைக் கேட்டுக் குறித்துக்கொண்ட கன்சல்டன்டும் எழுந்து போய்க் குழந்தையைப் பார்க்கவில்லை.

2015-இல் நாட்டிங்ஹாம் கிரவுன் கோர்ட்டில் கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவருக்கு 2 வருடச் சிறைத்தண்டனை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக. 2017-இல் மருத்துவர்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் 12 மாதம் சஸ்பெண்ட் செய்தது. போதாது, பெயரையே நீக்க வேண்டும் என்று, மருத்துவர் பதிவேட்டை வைத்திருக்கும் ஒழுங்குமுறை அமைப்பான ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 ஜனவரியில் பெயர் நீக்கப்பட்டது. அவருடைய வழக்குச் செலவுக்காக மருத்துவர்கள் நிதி திரட்டினார்கள், 3 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய சஸ்பென்ஷனையே திரும்பக் கொண்டுவந்தது.

அந்த ஆகஸ்ட் தீர்ப்பில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஜூரியின் வேலை, அன்று நடந்தது குற்றமாகும் அளவுக்கு மோசமா என்று சொல்வது. அதைச் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பாயத்தின் வேலை வேறு: இந்த மருத்துவர் இனிமேல் நோயாளிகளுக்கு ஆபத்தா, மக்களின் நம்பிக்கையைக் காக்க என்ன நடவடிக்கை போதும் என்று பார்ப்பது. அதற்கு முன்னும் பின்னும் அவர் எப்படி வேலை செய்தார், எதைக் கற்றுக்கொண்டார், அன்று வார்டு எந்த நிலையில் இருந்தது என்பதையெல்லாம் எடைபோட்டுத்தான் அவர்கள் 12 மாதம் என்றார்கள். இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றாலே பெயர் நீக்கம்தான் என்று ஒரு விதியும் இல்லை. எதிரில் உட்கார்ந்து கேட்டவர்களின் முடிவை, ஒழுங்குமுறை அமைப்பே எதிர்த்துப் போய் இன்னும் கடுமையாக்கக் கேட்டது எனக்கு அப்போதும் அநியாயமாகப் பட்டது, இப்போதும் அப்படித்தான். இத்தகைய வழக்குகளை ஆராய அரசு அமைத்த வில்லியம்ஸ் குழுவும் கவுன்சிலின் அந்த மேல்முறையீட்டு உரிமையை எடுத்துவிட வேண்டும் என்றே 2018-இல் பரிந்துரைத்தது.

"இதை ஜாக்கின் அம்மாவிடம் போய்ச் சொல்வீர்களா?" என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் பிள்ளைக்கு இப்படி ஆகியிருந்தால் நானும் நீக்கச் சொல்லித்தான் நின்றிருப்பேன். ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பதிலில் பெரும்பகுதி ஒரு மருத்துவரின் பெயர் நீக்கத்தில் இல்லை. ரோட்டா ஓட்டையாக இருந்தது ஏன், கணினி விழுந்தபோது மாற்று ஏற்பாடு எங்கே, விடுப்பிலிருந்து வந்தவரைத் தனியே விட்டது யார்? தீர்ப்பாயத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல யாரையும் நிறுத்த முடியாது. அங்கே நிற்பது பதிவெண் உள்ள ஒரு ஆள் மட்டும்தான். (நம் ஊரில் குடும்பத்தின் நிலை இன்னும் கஷ்டம். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 30-ஆம் பிரிவில், மாநில மருத்துவக் கவுன்சிலின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை மருத்துவருக்குத் தருகிறது. புகார் கொடுத்த நோயாளியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இதுவும் அநியாயம்தான்.)

இன்னொரு விளைவை நான் தினமும் பார்க்கிறேன். இங்கே பயிற்சி மருத்துவர்கள் தங்கள் தவறுகளை அலசி போர்ட்ஃபோலியோவில் (தங்கள் பயிற்சிப் பதிவில்) எழுத வேண்டும். பாவா-கார்பாவின் குறிப்புகள் அவருக்கு எதிராகவே திரும்பின என்ற பேச்சு பரவியது. குற்ற வழக்கில் அந்தக் குறிப்புகள் சாட்சியமாக வைக்கப்படவில்லை. இருந்தும் பயம் போகவில்லை. மதுரையிலிருந்து வந்த ஜூனியர் ஒருத்தி, ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரம் தாமதமான ஒரு குழந்தையைப் பற்றி, குழந்தை நன்றாகத் தேறி வீட்டுக்குப் போன பிறகும், மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இதை எழுதலாமா வேணாமா?" எழுது என்றேன். யார் என்ற அடையாளம் தெரியாமல் எழுது, நர்ஸிடம் எப்போது சொன்னாய், அவர் எப்போது மருந்தை எடுத்தார், இடையில் உன்னை யார் கூப்பிட்டார்கள், எல்லாம் எழுது என்றேன். எழுதினாள். அதைப் படித்த பிறகுதான் எங்கள் வார்டில் அந்த மருந்தை எடுக்க இரண்டு பேர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பது பேச்சுக்கு வந்தது. அவள் எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த குழந்தைக்கும் அதே ஒரு மணி நேரம்தான்.

பாவா-கார்பாவுக்கு 2019-இல் நிபந்தனைகளோடு வேலைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. 2021-இல் நிபந்தனைகளும் விலக்கப்பட்டன.

இசபெல் அமாரோ என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அன்று ஜாக்கைக் கவனித்துக்கொண்ட ஏஜென்ஸி நர்ஸ். அதே குற்றம், அதே 2 வருட நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 2016-இல் நர்ஸிங் கவுன்சில் அவர் பெயரை நீக்கியது. மருத்துவர்கள் திரட்டிய நிதி மருத்துவருக்காகத்தான். வார்டு அவருக்கும் அதே வார்டுதான், ஆள் பற்றாக்குறையும் அதேதான். சூழ்நிலையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நாங்கள் உரக்கப் பேசியபோது அவரையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். இந்த வழக்கைப் பற்றி யார் கேட்டாலும் இப்போது நான் இரண்டு பெயர்களையும் சொல்கிறேன்.