இந்தியானாவில் வீடு, திருப்பூரில் மெஷின்

கேள்வி: சிகாகோவை ஒட்டிய அரோராவில் பதினோரு வருடமாக இருக்கிறோம். எனக்கு ஐடி வேலை, 2020-லிருந்து வீட்டிலிருந்தே. எச்1பி விசா, ஐ-140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆகி, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். மனைவி எச்4 அனுமதியில் பகுதி நேர வேலை பார்க்கிறார். மகள் ஏழாவது படிக்கிறாள். இருவர் வருமானமும் சேர்த்து வருடம் 1.6 லட்சம் டாலர். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. வீட்டு வரியே வருடம் 9,000. அதனால் மிட்வெஸ்டிலேயே செலவு குறைந்த சின்ன ஊராகப் பார்த்துப் போய்விட நினைக்கிறோம். இந்தியானாவின் கொலம்பஸ், இல்லினாயின் கேல்ஸ்பர்க், கான்சஸில் மனை இலவசமாகத் தரும் ஒரு சிற்றூர் என மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

இப்போதைய வீடு 4.4 லட்சத்துக்குப் போகும். முதல் கடன் பாக்கி 2.05 லட்சம், வட்டி 2.875 சதவீதம். ஹீலாக்கில் (வீட்டின் மதிப்பை ஈடாக வைத்து வேண்டும்போது எடுக்கும் கடன்) 85,000 பாக்கி இருக்கிறது, வட்டி மட்டும் கட்டி வருகிறேன். வீட்டை விற்று, கொலம்பஸில் 2.8 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கிவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் தம்பிக்கு 40,000 கொடுக்கலாம் என்று எண்ணம். அப்புறமும் ஏதாவது மிஞ்சினால் நண்பர் சொல்லும் ஐயுஎல் பாலிசியில் (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைத்த ஆயுள் காப்பீடு) போடலாமா? எந்த ஊர் சரி?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், இல்லினாய்

பதில்: உங்கள் கடிதத்தை நான் நிறையச் சுருக்கியிருக்கிறேன். மூலத்தில் ஊர்களைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. பள்ளி மதிப்பெண், பனி எத்தனை அங்குலம், கோயில் எவ்வளவு தூரம், எல்லாம் இருந்தது. ஹீலாக்குக்கு ஒரே வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

நீங்கள் இணைத்திருந்த ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். 2022 மார்ச்சில் 18,000. ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் ‘நூல் விலை’. அதே வருடம் நவம்பரில் 12,000, ‘கூலி பாக்கி’. 2023-ல் 20,000, ‘ஃப்ளாட்லாக் மெஷின்’. 2024-ல் 25,000, அதற்குக் குறிப்பே இல்லை. கடைசியாக 2025 செப்டம்பரில் 10,000. ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதில் ஆர்டர் நின்றுபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து தடவை எடுத்திருக்கிறீர்கள். ஒரு தடவைகூட அசலில் ஒரு டாலர் திரும்பி வரவில்லை.

தம்பி ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. 2022-ல் நூல் விலை ஏறியதும் உண்மை, வரி போட்டதும் உண்மை. ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டும் சின்ன பனியன் கம்பெனிக்குக் கஷ்டம் வருடா வருடம் ஏதாவது ஒரு பெயரில் வரும். அந்தக் கஷ்டத்துக்கு நடைமுறை மூலதனமாக உங்கள் அரோரா வீடு நின்றுகொண்டிருக்கிறது. திருப்பூரில் எந்த பாங்க்கும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் தம்பிக்குக் கொடுக்காத கடனை, ஒரு வாட்ஸ்அப் கால் பேசியதும் நீங்கள் கொடுக்கிறீர்கள். தம்பி தொழிலுக்குப் போன பணம் என்பதால் அந்த வட்டிக்கு இங்கே வருமான வரிக் கழிவும் கிடையாது.

இனி நீங்கள் போட்ட கணக்குக்கு வருவோம். தோராயமாகத்தான் போடுகிறேன், நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கலாம்.

இப்போது வீட்டுக்காக மாதம் போவது: முதல் கடன் தவணை 960, வீட்டு வரி 750, ஹீலாக் வட்டி (8.5 சதவீதத்தில்) 600. ஆக 2,310.

4.4 லட்சத்துக்கு விற்றால் தரகும் மற்ற செலவும் சேர்த்து 30,000 போகும். இரண்டு கடனையும் அடைத்தால் கையில் நிற்பது 1.2 லட்சம். சாமான் ஏற்றி இறக்க, புது வீட்டுப் பதிவுச் செலவு என 10,000 எடுத்துவிடுங்கள். தம்பிக்கு எதுவும் கொடுக்காமல் 1.1 லட்சத்தையும் முன்பணமாகப் போட்டால் புதுக் கடன் 1.7 லட்சம். முப்பது வருடக் கடனுக்கு 6.5 சதவீதம் என்று வைத்தால் தவணை 1,075. கவனித்தீர்களா? சின்ன ஊர், சின்ன வீடு, பாக்கியைவிடச் சின்னக் கடன், ஆனால் தவணை மட்டும் கூடுகிறது. 2.875 சதவீதக் கடனைக் கைவிட்டால் அது திரும்பக் கிடைக்காது.

மிச்சம் எங்கே வருகிறது என்றால் வீட்டு வரியில். இந்தியானாவில் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் வரி போடக் கூடாது என்று மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வாக்கெடுப்பு வைத்துப் பள்ளிக்கென்று கூட்டிக்கொண்டால் மட்டும் அது தனி. ஆகவே 2.8 லட்சம் வீட்டுக்கு வருடம் 2,800, மாதம் 235. வருமான வரியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இல்லினாயில் 4.95 சதவீதம்; இந்தியானாவில் மாநில விகிதம் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், அதற்கு மேல் கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) வரி உண்டு. கூட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

மொத்தத்தில் 2,310 போன இடத்தில் 1,310 போகும். மாதம் ஆயிரம் டாலர் மிச்சம், நல்ல விஷயம்தான். ஆனால் அதில் 600 டாலருக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் சேர்ந்திருந்த உங்கள் பணத்தைப் போட்டு ஹீலாக்கை அடைத்ததால் வந்தது அது. ஊர் உங்களுக்குத் தருவது மாதம் 400.

இதில் தம்பிக்கு 40,000 கொடுத்தால் புதுக் கடன் 2.1 லட்சமாகி, தவணை 1,330 ஆகும். அதைவிட இன்னொரு கணக்கைப் பாருங்கள். இன்று ஹீலாக்கைக் கழிக்காமல் பார்த்தால் அரோரா வீட்டில் உங்கள் பங்கு 2.35 லட்சம். உங்கள் திட்டப்படி போனால் கொலம்பஸ் வீட்டில் உங்கள் பங்கு 70,000. நடுவில் 40,000 தரகுக்கும் லாரிக்கும் போயிற்று. மீதி 1.25 லட்சம் திருப்பூரில் இருக்கிறது. புது வீட்டில் ஆறு மாதம் ஆனதும் அங்கிருக்கும் பாங்க்கும் ஹீலாக் வேண்டுமா என்று கடிதம் போடும். தம்பியிடமிருந்தும் போன் வரும்.

‘மூத்தவன் நீ பார்த்துக்கொள்ள வேண்டாமா’ என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா மருந்துச் செலவு, மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் மாதச் சம்பளத்திலிருந்து போகட்டும், அதில் நான் கை வைக்க மாட்டேன். தொழிலுக்குக் கொடுப்பது வேறு. இந்த வாரமே பாங்க்கைக் கூப்பிட்டு, ஹீலாக்கில் இனிமேல் பணம் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். சேமிப்புக் கணக்கில் 31,000 இருப்பதாகச் சொன்னீர்கள். அதில் 15,000 எடுத்து அசலில் கட்டுங்கள். கடன் பாக்கி 70,000 ஆகும். தம்பி மாதம் ஐம்பதாயிரம் ரூபாய், அதாவது 550 டாலர் போல, அனுப்ப வேண்டும். நீங்கள் இப்போது கட்டும் 600-உடன் அதைச் சேர்த்தால் ஏழு வருடத்துக்குள் கடன் தீரும். அவர் எதுவும் தராமல் நீங்கள் 600 மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் இருபது வருடத்துக்கு மேல் ஆகும். இந்த இரண்டு எண்களையும் தம்பியிடமே சொல்லுங்கள். பவர் டேபிள் தையல் மெஷினுக்குத் தவணை கட்டத் தெரிந்தவருக்கு இது புரியாமல் போகாது.

ஐயுஎல் பற்றி ஒரு பத்தி போதும். பங்குச் சந்தை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டமில்லை, வரியும் இல்லை என்று தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இலையைப் போட்டுவிட்டு விற்கிறார்கள். ஏற்றத்துக்கு உச்சவரம்பு வைத்திருப்பதையும், முதல் சில வருடங்களில் வெளியே வந்தால் சரண்டர் கட்டணம் கடிப்பதையும் பாயசம் வரும்வரை சொல்வதில்லை. 8.5 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கு இது எதற்கு? உயிருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் இருபது வருட டேர்ம் பாலிசி எடுங்கள்.

சரி, ஊர்.

கான்சஸ் இலவச மனையை மறந்துவிடுங்கள். குறித்த காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இப்படிப்பட்ட மனைகளைத் தருகிறார்கள். ஆயிரம், ரெண்டாயிரம் பேர் இருக்கும் ஊரில் மனை மலிவாகக் கிடைக்கலாம். கட்டுகிற செலவு மலிவாகாது. கட்டிய விலைக்கு அங்கே திரும்ப வாங்க ஆளும் இருக்காது. ஊர் மாறி வந்தால் ஊக்கத்தொகை என்ற விளம்பரங்களுக்கும் இதே பதில்தான். கான்சஸ் தலைநகர் டொபீகா 2019 கடைசியில் 15,000 டாலர் வரை தருகிறோம் என்று ஆரம்பித்தது. வாங்கத் தகுதி இருந்தால் வாங்கிக்கொள்ளலாம், அதற்காகவே ஒரு ஊருக்குப் போகக் கூடாது.

கேல்ஸ்பர்க் எனக்குப் பிடித்த ஊர். சிகாகோவுக்கு ரயில் உண்டு, மூன்று மணி நேரப் பயணம். கம்பெனி திடீரென்று ஆபீஸுக்கு வா என்றால் இந்த மூன்றில் சமாளிக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் 2004-ல் மேடேக் ஃப்ரிட்ஜ் தொழிற்சாலை மூடி உற்பத்தி மெக்ஸிகோவுக்குப் போனபோது அங்கே ஆயிரத்து அறுநூறு பேர் வேலை போனது. அந்த அடியின் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டு மருத்துவமனை இருந்த ஊரில் ஒன்று 2022 ஜனவரியில் மூடிவிட்டது. வீடு மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இல்லினாய் என்பதால், நீங்கள் தப்பி ஓடப் பார்க்கும் வீட்டு வரியின் சதவீதமும் கூடவே வரும்.

மூன்றில் கொலம்பஸ்தான் மேல். ஐம்பதாயிரம் மக்கள், 1919-ல் அங்கே பிறந்த கமின்ஸ் எஞ்சின் கம்பெனியின் தலைமையகம், அதனால் நம்மூர் இன்ஜினியர் குடும்பங்கள், இண்டியானாபொலிஸுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரே ஒரு கம்பெனியை நம்பி இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். இன்னொன்று, 2008 ஜூனில் வெள்ளம் வந்து ஊர் மருத்துவமனையே மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. பார்க்கும் வீடு எந்த வெள்ள மண்டலத்தில் இருக்கிறது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் உடனே வாங்க வேண்டாம். அரோரா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கொலம்பஸில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். 2.875 சதவீதக் கடன் கையிலேயே இருக்கும். கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் குடியிருந்திருந்தால் வீட்டை விற்ற லாபத்துக்கான வரி விலக்கு நிற்கும்; எனவே காலி செய்து மூன்று வருடம் வரை விற்பதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கிறது. வாடகைக்கு விடுவதற்கு முன் ஹீலாக் பத்திரத்தை எடுத்து, நீங்களே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கம்பெனி வக்கீலிடம் பேச வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்றால் வீடுதான் வேலையிடம். அரோரா வட்டாரத்தை விட்டுக் கொலம்பஸ் போனால், போவதற்கு முன்பே எச்1பி திருத்த மனு போட வேண்டும். கிரீன் கார்டு மனு எந்த ஊர் வேலைக்கு என்று போட்டிருக்கிறார்களோ அதைப் பொறுத்து அதையும் முதலிலிருந்து செய்ய வேண்டி வரலாம். வரிசையில் உங்கள் தேதி போகாது, ஆனால் கம்பெனி அந்தச் செலவுக்குச் சம்மதிக்க வேண்டும். சின்ன ஊர் என்று சம்பளத்தைக் குறைப்பார்களா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருடம் 5,000 குறைத்தால், வரி போக ஊர் தரும் 400-ல் பெரும்பகுதி அதோடு தீர்ந்தது.

போவதென்று முடிவானால், இந்தியானாவில் ஜனவரி 1-ஆம் தேதி எந்தக் கவுன்ட்டியில் குடியிருக்கிறீர்களோ அதை வைத்துத்தான் அந்த வருடத்துக்குக் கவுன்ட்டி வரி போடுவார்கள். மகளுக்குப் பள்ளி முடிந்து ஜூனில் போனால் முதல் வருடம் அந்த வரி இல்லை. அதற்கு முன் ஒரு பிப்ரவரியில் மூன்று பேரும் ஒரு வாரம் அங்கே தங்கிவிட்டு வாருங்கள். மகளுக்கு ஊர் பிடிக்கிறதா என்று அவளிடம் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.