தம்பிக்குத்தானே ஓடிபி சொன்னேன்?

கேள்வி: அவசரம் என்றால் தம்பி எனக்கு போன் செய்வான். "அக்கா, இப்போ ஒரு நம்பர் வரும், சொல்லு" என்பான். சொல்லிவிடுவேன். 2 மாதத்தில் 3 முறை ஆகிவிட்டது. இப்போது என் பெயரில் ஏதோ செயலிக் கடன் இருப்பதாகத் தவணை கேட்டு மெசேஜ் வருகிறது. கணக்கை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? மாதச் சந்தாவில் 'டிஜிட்டல் பாதுகாப்புத் திட்டம்' என்று விற்கிறார்களே, எடுக்கலாமா?

பதில்: யாரும் ஹேக் செய்யவில்லை, சகோதரி. நீங்கள் அனுப்பிய ஓடிபி மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டை இன்னொரு முறை பாருங்கள். முதல் வரியிலேயே 'கடன் ஒப்பந்தத்தை உறுதிசெய்ய' என்று இருக்கிறது. கடைசி வரி, யாரிடமும் பகிராதீர்கள் என்கிறது. நடுவில் இருந்த 6 இலக்கத்தை மட்டும் வாசித்திருக்கிறீர்கள். அது கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சமம். கடன் உங்கள் பெயரில் இருப்பதால் தவணையையும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஓடிபி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். 000000 முதல் 999999 வரை 10 லட்சம் எண்கள். 5 முறை தப்பினால் பூட்டிக்கொள்ளும் என்று வையுங்கள். குருட்டாம்போக்கில் அடிப்பவனுக்கு வாய்ப்பு 2 லட்சத்தில் 1. அதற்குள் எண்ணும் காலாவதியாகிவிடும். பாஸ்வேர்டைத் திருடியவன்கூட இங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்பான். நீங்கள் போனில் வாசித்ததும் அந்த 2 லட்சம் வெறும் 1 ஆகிவிடுகிறது.

தம்பியைவிட எனக்கு உங்கள் பழக்கம்தான் பயமாக இருக்கிறது. நாளை அவன் வாட்ஸ்அப் கணக்கு வேறொருவன் கையில் சிக்கி, "அக்கா, நம்பர் வந்துச்சா?" என்று மெசேஜ் வந்தால் யோசிக்காமல் அனுப்பிவிடுவீர்கள். வாட்ஸ்அப் கணக்குகள் பலவும் இப்படி 6 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கித்தான் பறிக்கப்படுகின்றன.

பாதுகாப்புத் திட்டம் வேண்டவே வேண்டாம். நீங்களாகவே வாசித்துக் காட்டும் எண்ணை எந்தத் திட்டம் தடுக்கும்? அந்தச் சந்தாவைக் கடன் தவணையில் சேர்த்துக் கட்டுங்கள்.

முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற கணக்குகளை மீட்கும் வழி அதற்குள்தான் இருக்கிறது. எங்கெல்லாம் வசதி உண்டோ அங்கெல்லாம் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், எண்ணைப் போனுக்குள்ளேயே உருவாக்கித் தரும் அதென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். பொதுவாக 30 நொடிக்கு ஒரு முறை எண் மாறும், சிம் கார்டு வழியாக வராது. ஆனால் அதையும் வாசித்துக் காட்டினால் பழைய கதைதான். பூட்டிய திரையில் மெசேஜ் தெரிவதையும் நிறுத்திவிடுங்கள், தம்பி வீட்டுக்கு வந்துபோகிறவன் அல்லவா?

அவனிடம், "பணம் வேண்டுமானால் கேள், முடிந்தால் தருகிறேன், நம்பர் கேட்காதே" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

இன்னொன்று. 3 முறை எண் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தெரியவந்திருப்பது ஒரு கடன்தான். மற்ற இரண்டும் எதற்கு வந்தவை? இன்றைக்கே பழைய மெசேஜ்களைத் திறந்து, இந்த முறை முதல் வரியிலிருந்து படியுங்கள்.