அரிக்காத தேமலையும் காட்டுங்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் நெல்லும் வைத்திருக்கிறோம். ஆறு மாதமாக அவருக்குக் கழுத்து, கண் இமை, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கருத்துவிட்டது. ராத்திரி தூங்க முடியாத அளவுக்கு அரிப்பு. எங்கள் ஊர் சுகாதார நிலையத்து சிஸ்டர் செல்போனில் போட்டோ எடுத்துத் தோல் டாக்டருக்கு அனுப்பினார். அவர் பார்த்துவிட்டு, பார்த்தீனியம் செடியால் வந்த ஒவ்வாமை மாதிரி இருக்கிறது என்று ஒரு களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் தொட்டுக்கூடப் பார்க்காமல் போட்டோவை வைத்துச் சொல்வதை நம்பலாமா? கோவைக்குக் கூட்டிப் போய்விடலாமா? முன்கையில் ஒரு வெளிர் தேமலும் ஒரு வருடமாக இருக்கிறது. அது அரிக்கவில்லை என்பதால் போட்டோ எடுக்கவில்லை.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தத் தேமல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரில் காட்டுங்கள்.

வெளிர் தேமல் என்றால் பெரும்பாலும் சாதாரணப் பூஞ்சையாகவோ வறண்ட தோலாகவோதான் இருக்கும். ஆனால் ஒரு வருடமாக ஒரே இடத்தில், அரிப்பே இல்லாமல் இருக்கிற தேமலுக்குத் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தொழுநோயின் முதல் அடையாளம் பல சமயம் இப்படித்தான் வரும். இந்த ஒன்றைப் போட்டோ சொல்லாது. உங்கள் மாமனாரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தேமலைத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. வீட்டில் ஊசியால் குத்தியோ சூடு காட்டியோ சோதிக்க வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோல் என்றால் அவருக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும்.

பயப்பட வேண்டாம் அம்மிணி. அப்படியே தொழுநோயாக இருந்தாலும் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவும் தன்மை போய்விடும். தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கத் தேவையே இல்லை. நரம்பு கெடுவதற்கு முன் கண்டுபிடித்தால் கைவிரல் மடங்குவது, உணர்ச்சி இல்லாமல் புண் வருவது எல்லாவற்றையும் தவிர்த்துவிடலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சரி, இப்போது அரிப்புக்கு வருவோம். போட்டோவை வைத்து அந்த டாக்டர் சொன்னது நம்பக்கூடியதே. தோல் நோயில் பாதி வேலையைக் கண்தான் செய்கிறது. காற்றில் பறக்கும் பார்த்தீனியம் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு ஒரு தனி வரைபடமே உண்டு. கண் இமை, காதுக்குப் பின்புறம், தாடைக்குக் கீழே, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு என்று தூசி போய் ஒளிகிற இடமெல்லாம் தடிக்கும். வெயிலால் மட்டும் வரும் தோல் நோயில் இந்த நிழல் பகுதிகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழேயும் சேர்த்து எடுத்த போட்டோ இருந்தால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. முகத்தை நேராக மட்டும் எடுத்து அனுப்பினால் நானும் தடுமாறுவேன்.

போட்டோ நன்றாக அமைவது சிஸ்டரின் கையிலும் உங்கள் கையிலும் இருக்கிறது. காலையில் ஜன்னல் ஓரமோ திண்ணையோ நல்லது. நேர் வெயிலும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். எண்ணெயோ மஞ்சளோ தடவியிருந்தால் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். எண்ணெய் மினுமினுப்பில் செதில் தெரியாது, மஞ்சள் பூசினால் நிறமே மாறிவிடும். பச்சைச் சுவரும் சிவப்புப் போர்வையும்கூடத் தோல் மேல் தங்கள் நிறத்தை ஏற்றும், அதனால் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். முதலில் உடம்பில் எங்கே என்று தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, அப்புறம் பக்கத்தில் ஒன்று, கடைசியாக ஓர் அளவுகோலை ஒட்டி வைத்து மிக அருகில் ஒன்று. திரையில் புண் இருக்கும் இடத்தைத் தொட்டு, தெளிவானதும் எடுங்கள். அழகாக்கும் ஃபில்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. நம் மாநிறத்துக்கும் கருப்புக்கும் அழற்சி சிவப்பாகத் தெரியாது, கரும்பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ தெரியும். எனவே பக்கத்தில் இருக்கும் நல்ல தோலும் கொஞ்சம் படத்தில் விழட்டும்.

படத்தோடு நாலு வரி எழுதி அனுப்புவது படத்துக்குச் சமம். எப்போது தொடங்கியது, வரப்பில் களை பிடுங்கிய அன்று கூடுகிறதா, சர்க்கரை இருக்கிறதா, மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பு எது என்று எல்லாம் வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு யாருமே வாய் திறப்பதில்லை. ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்தும் பழக்கம் மாறவில்லை. படர்தாமரை மேல் அதைத் தடவினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும், வடிவமே மாறி போட்டோவில் பார்ப்பவரையும் ஏமாற்றும். உங்கள் மாமனாருக்கு எழுதிய களிம்பையும் சொன்ன நாளுக்கு மேல் போடாதீர்கள். கண் இமையில் போடச் சொல்லியிருக்கிறாரா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இமைத் தோல் மெல்லியது, நாள்பட்டால் கண்ணின் அழுத்தமும் கூடலாம்.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, சுகாதாரப் பணியாளர் வழியாக டாக்டரிடம் இப்படிக் கேட்பது முறையானதுதான். நேரில் வரச் சொல்லும் உரிமை டாக்டருக்கு உண்டு, நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. படம் எடுக்கும் முன் மாமனாரின் சம்மதம் கேளுங்கள், அனுப்பியதும் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

ஆக, அரிப்புக்காக இப்போதே கோவைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் புதிதாகப் போட்டோ எடுத்து அதே டாக்டருக்கு அனுப்புங்கள். அவரிடம் இருக்கும் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முன்னேற்றம் தெரிந்துவிடும். தோட்டத்துக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு, வந்ததும் குளியல். பார்த்தீனியத்தை அவர் பிடுங்கவே கூடாது. வேறு ஆள் கையுறை போட்டு, பூப்பதற்கு முன் பிடுங்கட்டும். காய்ந்த செடியை எரிக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டாம்.

புது மாத்திரை சாப்பிட்டபின் காய்ச்சலோடு தோல் உரிந்தாலோ வாய் வெந்தாலோ போட்டோ எடுத்துக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளங்காலிலோ நகத்திலோ பெரிதாகிக்கொண்டே வரும் கருப்புக் கறையையும், ஆறாத புண்ணையும் நேரில்தான் காட்ட வேண்டும்.

தேமலைத் தொட்டுப் பார்த்தபின் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.