முட்டைப் பெட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: அக்கா, என் கணவருக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை. தென்காசிப் பக்கம் இருந்த எங்களை அந்த வேலை போன ஜூலையில் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயருக்குக் கொண்டுவந்து விட்டது. ஹன்ட்லிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பழைய கல்வீடு, வாடகை. முதல் மூன்று மாதம் சொர்க்கம். நவம்பர் முதல் நாலு மணிக்கே இருட்டு. அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூசணம். லண்டனில் வாங்கிவந்த கறிவேப்பிலைச் செடி இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கிறது. பக்கத்துப் பண்ணை வீட்டில் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா இருக்கிறார். சில வாரங்களுக்கு ஒருமுறை எங்கள் வாசல் சுவர்மேல் ஆறு முட்டையை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். எப்போதாவது எதிரில் பார்த்து ஏதாவது சொன்னாலும் எனக்குப் புரிவதில்லை. கணவருக்கு இரவுப் பணியும் உண்டு. "ஒரு பார்டர் கோலி நாய்க்குட்டி வாங்கிவிடுவோம், உனக்குத் துணை" என்கிறார். எனக்கோ கிளாஸ்கோவுக்கே மாறிவிடலாமா என்று இருக்கிறது. என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முட்டை வந்த அந்த அட்டைப் பெட்டிகள் எங்கே? குப்பையில் போட்டிருந்தால் போகட்டும், இனிமேல் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அதுதான்.

கோழி ஒழுங்காக முட்டையிட ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். டிசம்பர் கடைசியில் உங்கள் பக்கம் சூரியன் காலை 8.45 வாக்கில் எட்டிப் பார்த்து, மாலை மூன்றரைக்குள் இறங்கிவிடுகிறது. ஏழு மணி நேரம்கூடத் தேறாது. விளக்குப் போட்டு வளர்க்கும் பெரிய பண்ணைக்காரர்களுக்குக் கவலையில்லை. கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு அந்த மாதங்களில் நாளைக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்தாலே பெரிசு. அதில் ஆறு சேர்த்து உங்கள் சுவர்மேல் வைத்திருக்கிறார் அந்த அம்மா. இதற்கு மேல் அவர் வாயைத் திறந்து வேறு பேச வேண்டுமா!

பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை நம் அம்மாக்கள் வெறுமனே திருப்பிக் கொடுத்ததுண்டா? ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அதையேதான் நீங்களும் செய்யப்போகிறீர்கள். அங்கே காலிப் பெட்டிக்கே மதிப்பு உண்டு, கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் அதற்கு அலைவார்கள். கூடவே கொஞ்சம் ஏதாவது வையுங்கள்.

கொஞ்சம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் பெர்த்ஷயரில் ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்துக்கு வந்த முதல் வருடம், பக்கத்து வீட்டுக்காரர் நாலு லீக்ஸ் கொடுத்தார். வெங்காயத்தாளுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு காய். நான் சும்மா இருந்தேனா? முறுக்கு, அதிரசம், லட்டு, மேலே ஒரு டப்பா புளியோதரை என்று தீபாவளித் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். மனிதர் முகம் சிவந்துவிட்டது. மூன்றாம் நாள் எங்கள் வாசலில் செய்தித்தாளில் சுற்றி ஒரு முழு மான் தொடை. நாங்கள் சைவம். கடன்பட்டார் நெஞ்சம் என்பார்களே, அது எந்த ஊரிலும் ஒன்றுதான் போல. அவர் மறுபடி சாதாரணமாகக் கையசைக்க ஒரு வருடம் ஆயிற்று.

ஆகவே நீங்கள் ஊறுகாய் போடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் அங்கே கடைகளில் செவில் ஆரஞ்சு வரும். ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் தோலைக் கீறி முகர்ந்து பாருங்கள். பரணில் இருக்கும் நாரத்தங்காய் ஜாடியைத் திறந்த மாதிரியே இருக்கும். அதே கெட்டித் தோல், அதே கசப்பு, வாய் நிறையக் கொட்டை. சும்மா தின்ன ஆகாது என்பதால் ஊரே அதை வாங்கி மர்மலேட், அதாவது தோலோடு சேர்த்த ஆரஞ்சு ஜாம், கிளறிக்கொண்டிருக்கும். நீங்கள் நறுக்கி, கொட்டை நீக்கி, உப்பில் நாலைந்து நாள் குலுக்கிக் குலுக்கி ஊறவிட்டு, வழக்கமான மிளகாய்த்தூளில் பாதி போட்டுத் தாளியுங்கள். சின்ன ஜாம் பாட்டிலில் நாலு கரண்டி. காலிப் பெட்டியோடு அதே சுவர்மேல் வைத்து, "சீஸோடு நன்றாக இருக்கும்" என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். பாட்டில் திரும்பி வரும். வெறுமனே வராது என்று பந்தயம் கட்டுகிறேன்.

மறப்பதற்குள் இன்னொன்று. பழகியபின், மீந்த சோற்றை அந்தக் கோழிகளுக்குப் போட நம் கை தானாகப் போகும். கூடாது. பிரிட்டனில் வீட்டுச் சமையலறை மிச்சத்தைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம், நோய் பரவும் என்பதற்காக. பால்கூட நுழையாத முழு வீகன் சமையலறைக்கு மட்டும் விலக்கு. சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்கு இன்றைக்கும் மனசு வருவதில்லை, ஆனாலும் கொட்டுகிறேன்.

அவர் பேச்சு புரியவில்லை என்பதில் உங்கள் ஆங்கிலத்தின் மேல் குற்றமில்லை. அது டோரிக், அந்தப் பக்கத்துப் பேச்சு. எடின்பரோவிலிருந்து வருகிறவர்களே முழிப்பார்கள். ஒரு சூட்சுமம் சொல்கிறேன். கேள்விச் சொற்களின் தலையில் அவர்கள் 'ஃப' போட்டுவிடுவார்கள். வாட் என்பது ஃபிட், வேர் என்பது ஃபார், ஹவ் என்பது ஃபூ. அவர் உங்களைப் பார்த்து "ஃபிட் லைக்?" என்று சொல்லியிருப்பார். எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். நம் "சாப்பாடாச்சா?" மாதிரிதான், யாரும் விவரம் கேட்கவில்லை. "நே பேட்", அதாவது மோசமில்லை, என்றால் போதும். கொஞ்சம் துணிச்சல் வந்தபின் "ஃபூஸ் யர் டூஸ்?" என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் புறாக்கள் எப்படி இருக்கின்றன என்று பொருள். "அய் பெக்கின்", அதாவது எப்போதும் கொத்திக்கொண்டுதான் இருக்கின்றன, என்று பதில் வரும். கூடவே சிரிப்பும் வரும். குற்றாலச் சாரலுக்கு அவர்களிடமும் தனிச் சொல் இருக்கிறது தெரியுமா? ஸ்மர். நாளெல்லாம் வானம் மூடிக்கொண்டு நசநசவென்று இருந்தால் அது ட்ரீஹ்.

கறிவேப்பிலைக்கு வருவோம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிகிறதா? அப்படியானால் சாகவில்லை, தூங்குகிறது. குளிரும் இருட்டும் சேர்ந்தால் அது இலையை உதிர்த்துவிட்டு அப்படியே நின்றுவிடும். இலை இல்லாத செடிக்குத் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது. ஐயோ பாவம் என்று நாம் ஊற்றுவதில் வேர் அழுகிப் போகும். இரண்டு செடியை நானே இப்படிச் செல்லம் கொடுத்துக் கொன்றிருக்கிறேன். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் கால் டம்ளர். தெற்கு பார்த்த ஜன்னல் நல்லது, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு நேர் மேலே வேண்டாம். இரவில் திரையை இழுக்கும்போது செடி கண்ணாடிப் பக்கம் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள், அந்த இடுக்கில்தான் குளிர் கடிக்கும். ஏப்ரல் வரை உரம் வேண்டாம், தொட்டி மாற்றவும் வேண்டாம். ஜூனில் விடிகாலை நாலேகாலிலிருந்து இரவு பத்து மணிவரை பகல். அப்போது துளிர்க்கிற வேகத்தைப் பாருங்கள்.

தோட்டத்தில் நட எதற்கும் அவசரப்படாதீர்கள். மே கடைசி வரைகூட உறைபனி விழலாம். மே போகும்வரை ஒரு துணியையும் கழற்றாதே என்று அங்கே ஒரு சொலவடை உண்டு, வெந்தயக்கீரைக்கும் அதுதான். ஏப்ரலில் அந்த அம்மா ரூபார்ப் தண்டு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல புளிப்பு, பருப்பில் மாங்காய்க்குப் பதிலாகப் போடலாம். ஆனால் அதன் இலையைப் பார்த்தால் சேப்பங்கிழங்கு இலை மாதிரி அகலமாக, கூட்டு வை கூட்டு வை என்று கூப்பிடும். தொடாதீர்கள், இலை விஷம்.

பூசணத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கண்டிப்பாகவே. நம் சமையல் ஆவிச் சமையல். இட்லியும் சாதமும் குக்கரும் விடுகிற ஆவியெல்லாம் சில்லென்ற கல்சுவரில் போய்த் தண்ணீராக உட்காருகிறது. ரேடியேட்டரில் துணி காயவைத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சமைக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்தி, ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். அலமாரியை வெளிச்சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குளிருகிறது என்று காற்றுத் துவாரங்களைத் துணி வைத்து அடைக்காதீர்கள். பல பழைய வீடுகளில் கூரையிலிருந்து கயிற்றில் ஏற்றி இறக்கும் ஒரு கொடி இருக்கும், புல்லி என்பார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் துணியை அதில் போட்டு, அந்த அறைக் கதவை மூடி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஈரம் இருந்தால் கூரையிலோ வடிகாலிலோ ஒழுகல் இருக்கும். அது வீட்டுக்காரர் பொறுப்பு, படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். அப்படியே தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீட்டிலும் ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம் கட்டாயம். விறகடுப்போ ஆயில் பாய்லரோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். அது இல்லையென்றால் இன்றைக்கே கேளுங்கள்.

கணவர் இரவுப் பணியில் இருக்கும்போது கரண்ட் போனால் கூப்பிட வேண்டிய எண் 105. 2021 நவம்பரில் ஆர்வென் புயலின்போது உங்கள் பக்கம் சில வீடுகளில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. விறகடுப்பு இருந்த வீட்டில்தான் சுடுதண்ணீர் கிடைத்திருக்கும். அந்த அம்மா வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஊறுகாய்க்கு இன்னொரு காரணம்.

நாய் வேண்டும், பார்டர் கோலிக் குட்டி வேண்டாம். ஆட்டு மந்தையை நாள் முழுக்க ஓட்டுவதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். வேலை கொடுக்காவிட்டால் அதுவே வேலை தேடிக்கொள்ளும், உங்கள் சோபாவிலிருந்து தொடங்கும். நாய் காப்பகத்தில் நாலைந்து வயதான, நிதானமான ஒன்றைக் கேளுங்கள். அதற்கு முன்னால் வீட்டுக்காரர் அனுமதி எழுத்தில் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்ளும் வரையில், பெரும்பாலான நிலங்களில் யாரும் நடக்கலாம். ஆடு நிற்கும் இடத்தில் மட்டும் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். நாய் ஆட்டைத் துரத்தினாலே குற்றம், 2021க்குப் பிறகு அபராதம் 40,000 பவுண்டு வரை போகலாம், சிறையும் உண்டு. கன்றோடு நிற்கும் மாடு முறைத்தால் சுற்றிப் போங்கள். துரத்தியே வந்துவிட்டால் நாய்க்கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய்மேல்தான், நாய் உங்களைவிட வேகமாக ஓடும். கோடையில் வீடு திரும்பியதும் நாய்க் காதையும் உங்கள் முழங்கால் மடிப்பையும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நாயோடு தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நடங்கள். ஊருக்கு முதலில் நாயின் பேர் தெரியும். உங்கள் பேர் தெரிய இன்னும் ஆறு மாதம் ஆகும், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

கிளாஸ்கோ? போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். அங்கே இட்லி மாவு கிடைக்கும், தமிழ் பேச ஆள் கிடைக்கும். மழை உங்கள் ஊரைவிட அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். இப்போது நாளுக்கு நாலைந்து நிமிடம் பகல் நீண்டுகொண்டிருக்கிறது. வேலியோரம் வெள்ளையாக ஸ்னோடிராப் பூ வந்திருக்கும், போய்ப் பாருங்கள். அடுத்த பிப்ரவரியிலும் இதே எண்ணம் இருந்தால் பெட்டியைக் கட்டுங்கள், உங்கள் கணவர் மறுபேச்சுப் பேசக் கூடாது. நம் நிறத் தோலுக்கு அங்கே வருடம் முழுக்கத் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொல்கிறார்கள், அதை விடாதீர்கள். வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழவே மனமில்லை என்றால் அது வீடு மாற்றிச் சரியாகிற விஷயமில்லை, டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், டிசம்பர் 31. அங்கே புத்தாண்டு பிறந்ததும் வீட்டு வாசலை முதலில் மிதிப்பவர் கறுப்பு முடி உள்ள ஆணாக இருந்தால் அந்த வருடம் யோகம் என்று ஒரு நம்பிக்கை. கையில் ஒரு துண்டு நிலக்கரியும் கொஞ்சம் ஷார்ட்பிரெட் என்கிற வெண்ணெய் பிஸ்கட்டும் கொண்டுபோக வேண்டும். தென்காசிக்காரர் ஒருவர் அங்கே வந்திருப்பது தெரிந்துவிட்டால் அன்றிரவு அவரை நீங்கள் வீட்டில் எதிர்பார்க்க முடியாது. என் வீட்டுக்காரரை எட்டு வருடம் வாசல் வாசலாக இழுத்துக்கொண்டு போனார்கள். தலை நரைத்ததும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அவருக்கு இன்னும் வருத்தம்.